மன்றோ கங்காளம்

ஆண்டு விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாற்றை வரைந்து தருக என்று நம் சங்கத்தார் பணித்தபொழுது, புலவர் பெருமக்களும் நாட்டுத் தொண்டர்களும் நம் நினைவில் வந்து நின்றனர். ஆயினும், திருமலையின் அடிவாரத்தில் குடியேறி, அம்மலையின் முகத்திலேயே நாள்தோறும் கண்விழிக்கும் நமக்கு, இவ்வூரோடு தொடர்புடைய ஒருவரைப் பற்றி எழுதுவதே பொருத்தமெனப் பட்டது. அவர் தமிழருமல்லர், ஆந்திரருமல்லர், நம் சமயத்தாருமல்லர். ஸ்காட்லாந்து தேசத்தில் பிறந்து, பதினெட்டு வயது இளைஞராகச் சென்னைக் கரையில் இறங்கி, சென்னை மாகாணத்தின் ஆளுநராக உயர்ந்து, இம்மண்ணிலேயே உயிர்நீத்த சர் தாமஸ் மன்றோ அவர்களே அவர்.

வெற்றி கொண்ட தலைவர்களின் பெயர் கோட்டைகளிலும் வீதிகளிலும் நிலைப்பதுண்டு. மன்றோவின் பெயரோ நம் மலைமீது ஒரு சோற்றுக் கலத்தில் நிலைத்தது. வேங்கடவனுக்கு அமுது படைக்கப் பயன்படும் பெரும்பாத்திரம் ஒன்று இன்றளவும் மன்றோ கங்காளம் என்றே வழங்குகின்றது. வேற்று நாட்டார் ஒருவரின் பெயர் திருக்கோயில் மடைப்பள்ளியில் நுழைந்தது எவ்வாறு? சொந்த ஊரின் உணவுக்கு ஏங்கிய ஓர் ஏழை இளைஞரின் வாழ்க்கையிலிருந்து இதற்கு விடை காண முயல்வோம்.

ஓட்ஸ் விளையும் நாடு

ஸ்காட்லாந்து குளிர் மிகுந்த நாடு. கோதுமை செழித்து வளரும் நிலம் அங்குக் குறைவு. ஆதலின் பண்டு தொட்டு அந்நாட்டு எளியோரின் உணவு ஓட்ஸ் என்னும் தானியமே. இக்காலத்தில் நம் கடைகளிலும் பொட்டலங்களில் விற்கப்படும் அத்தானியத்தை, நோயாளியின் உணவென்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். ஸ்காட்லாந்தியருக்கோ அது நம் சித்தூர்ச் சீமைக் குடியானவனுக்குக் கேழ்வரகுக் களி எத்தகையதோ அத்தகையது. கொதிக்கும் நீரில் ஓட்ஸ் மாவைத் தூவி, உப்பிட்டு, கட்டி தட்டாமல் துழாவி எடுக்கும் கஞ்சி காலை உணவு. அம்மாவையே பிசைந்து இரும்புக் கல்லில் சுட்டெடுக்கும் வறட்டு அடை வழிப்பயணத்துக்கு உதவுவது. வாற்கோதுமையும் கீரையும் இறைச்சியும் இட்டுக் காய்ச்சிய சாறு நண்பகலுக்கு உரியது. இங்கிலாந்தில் குதிரைக்கு இடும் தானியம் ஸ்காட்லாந்தில் மனிதரைப் பேணுகின்றது என்று அகராதி இயற்றிய ஜான்சன் 1755-இல் ஏளனம் செய்தார். அதற்கு ஸ்காட்லாந்தியர் நாணவில்லை. இங்கிலாந்தில் நல்ல குதிரைகளும் ஸ்காட்லாந்தில் நல்ல மனிதரும் தோன்றுவது அதனாலன்றோ என்று நகைத்தனர்.

அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பயின்ற ஏழை மாணவர்கள் ஊரிலிருந்து ஓட்ஸ் மாவு மூட்டையைத் தோளிற் சுமந்து வருவது வழக்கம். மூட்டை தீர்ந்ததும் மீண்டும் ஊர் சென்று நிரப்பி வருவதற்கென்றே ஒரு திங்கட்கிழமையை விடுமுறையாக அளித்தனர். மாவுத் திங்கள் என்பது அதன் பெயர். கோடை விடுமுறை முடிந்து திரும்பும்பொழுது, பொன்னி அரிசியும் வடாமும் மாவடுவும் நல்லெண்ணெய்த் தகரமுமாக ரயிலேறும் நம் குடும்பங்களுக்கு இவ்வழக்கம் வியப்பளிக்காது. மனிதன் ஊரை விட்டுப் புறப்படும்பொழுது நாக்கு மட்டும் அவனோடு புறப்பட மறுக்கின்றது.

பிறப்பும் இளமையும்

தாமஸ் மன்றோ கிளாஸ்கோ நகரில் 1761-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் அலெக்சாண்டர் மன்றோ, அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு புகையிலை வாணிகம் நடத்திய வணிகர். கெல்வின் ஆற்றங்கரையில் நார்த்சைடு என்னும் ஊர்ப்புற இல்லம் அக்குடும்பத்துக்கு இருந்தது. சிறு வயதில் கண்ட தட்டம்மையால் மன்றோவின் செவிப்புலன் ஓரளவு மங்கிற்று. அக்குறை வாழ்நாள் முழுதும் அவரை விடவில்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றார். ஸ்பானியக் கதையான டான் குவிக்ஸோட்டை மூலத்திலேயே படிக்கவேண்டுமென்று அம்மொழியைத் தாமே கற்றார்.

1775-இல் மூண்ட அமெரிக்க விடுதலைப் போர் அக்குடும்பத்தின் வாணிகத்தை அடியோடு சாய்த்தது. செல்வர் வீட்டுப் பிள்ளை பிழைப்புக்கு வழி தேடவேண்டியவரானார். கிழக்கிந்தியக் கம்பெனியின் காலாட்படையில் பயிற்சி வீரராகச் சேர்ந்து, 1780 ஜனவரி 15-ஆம் நாள் சென்னை வந்தடைந்தார்.

சென்னை அவருக்கு அளித்த முதல் வரவேற்பு நமக்குப் பெருமை தருவதன்று. பணியாளனாக அமைந்த ஒருவன், சீமையிலிருந்து கொணர்ந்த உடைகள் இந்நாட்டுக்கு ஒவ்வா என்று நயமாகப் பேசி, அவற்றையும் கையிலிருந்த பொற்காசுகளையும் பெற்றுக்கொண்டு மறைந்தே போனான். புது ஊரில் முதல் நாளே ஏமாந்த அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு இல்லை? அந்த ஒருவனைக் கொண்டு இந்நாட்டினர் அனைவரையும் மன்றோ அளந்துவிடவில்லை என்பதே இங்குக் கருதத் தக்கது.

வேலூர் நாட்கள்

அவர் வந்த ஆண்டிலேயே ஹைதர் அலி கர்நாடகச் சீமையின்மீது படையெடுத்தார். நான்கு ஆண்டுகள் போர்க்களமே மன்றோவுக்கு வீடாயிற்று. போர் ஓய்ந்த பின்னரும் வறுமை ஓயவில்லை. இந்தியாவில் வாழும் வெள்ளையரெல்லாம் செல்வத்தில் புரள்கின்றனர் என்பது அக்காலச் சீமையாரின் நம்பிக்கை. அவ்வாறே கருதியிருந்த தம் சகோதரி எர்ஸ்கினுக்கு, 1789 ஜனவரியில் மன்றோ எழுதிய நீண்ட கடிதம் புகழ் பெற்றது. பசியும் தாகமும் களைப்பும் ஏழ்மையும் இன்னவை என்பதை இந்தியாவிற்கு வந்த பின்னரே தாம் அறிந்ததாக அதில் உரைக்கின்றார். வந்து மூன்றாண்டுகள் வரை ஒரு புத்தகமோ தோட்டாப் பையோதான் அவருக்குத் தலையணை. நான்கு குறுக்குக் கழிகளில் கட்டிய கித்தானே கட்டில். சீமையிலிருந்து கொணர்ந்த மேலங்கியின் கைகளுக்குள் கால்களை நுழைத்து, அதன் கீழ்ப்பகுதியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக் குளிரைத் தாங்கினார். வேலூரில் இருந்த அவர் இல்லத்தின் கூடத்தில் ஒரு மேசையன்றி வேறு தட்டுமுட்டுப் பொருளில்லை.

அக்கடிதத்தில் உணவைப் பற்றியும் ஒரு செய்தி வருகின்றது. கடிதம் எழுதிய அன்று அவர் உண்டது கஞ்சி. ஆனால் ஊரில் காய்ச்சுவதுபோல் ஓட்ஸ் மாவினால் ஆகியதன்று. பாதி அரைபட்ட வேறு மாவினால் காய்ச்சியது. மறுநாள் உணவு பெரும்பாலும் வாழைக்காய்ப் பலகாரமாகவே இருக்கும் என்றும், இவ்வெளிமை தாம் விரும்பி ஏற்றதன்று, வறுமையால் நேர்ந்ததே என்றும் நகைச்சுவையோடு எழுதியிருந்தார்.

நகைச்சுவைக்கு அடியில் ஓர் ஏக்கம் இருப்பதை ஊரை விட்டு வந்த எவரும் உணர்வர். கிடைத்த மாவைக் கொண்டு ஊர்க் கஞ்சியின் சாயலையாவது காணவேண்டுமென்று ஓர் இருபத்தேழு வயது இளைஞர் அடுப்பின் முன் நின்ற காட்சியை நாம் கற்பனை செய்து பார்க்கின்றோம். வடநாட்டில் புழுங்கலரிசி கிடைக்காத நாளில் ரவையைக் கொண்டு இட்லி வார்த்த நம் தாய்மார்கள் இக்காட்சியை நம்மினும் நன்கறிவர். இத்தகைய நிலையிலும் அவரும் இந்தியாவிலிருந்த அவர் சகோதரர் அலெக்சாண்டரும் சேர்ந்து, நொடித்துப்போன தந்தைக்கு ஆண்டொன்றுக்கு 100 பவுன் அனுப்புவதென முடிவு செய்தனர். மாதந்தோறும் ஊருக்கு மணியார்டர் அனுப்பி, மிச்சத்தில் குடும்பம் நடத்திய தலைமுறை நம் காலனியிலும் உண்டு.

குடியானவரிடையே

1792-இல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட உடன்படிக்கையின்படி பாராமகால் சீமை கம்பெனியார் கைக்கு வந்தது. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டப் பகுதிகள் இவை. கேப்டன் ரீடு என்பவரின் தலைமையில் நிலவரி ஏற்பாடு செய்ய அமர்த்தப்பட்டோருள் மன்றோவும் ஒருவர். 1799 வரை ஏழு ஆண்டுகள் அங்கிருந்தார். ஊர் ஊராகச் சென்று, வயல் வயலாக அளந்து, உழுவோனிடமே நேரில் வரி பேசும் இரயத்துவாரி முறை அங்கு உருவாயிற்று. தர்மபுரியில் தாமே ஒரு தோட்டம் அமைத்து வளர்த்தார். பிற்காலத்தில் மழை ஓயாத கன்னடக் கடற்கரைக்கு மாற்றப்பட்டபொழுது, அவர் ஏங்கியது ஸ்காட்லாந்துக்காக மட்டுமன்று, பாராமகாலுக்காகவும் ஏங்கினார். ஓர் ஊரை விட்டு வந்தவனுக்கு, வந்த ஊரும் ஒரு நாள் சொந்த ஊராகிவிடுகின்றது.

1800 முதல் 1807 வரை, நிஜாம் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த பெல்லாரி, அனந்தபூர், கடப்பை முதலிய சீமைகளுக்கு அவர் முதன்மைக் கலெக்டர். மாளிகை அமைத்து அமராமல், கூடாரங்களிலேயே சுற்றி வந்தார். தெலுங்கும் கன்னடமும் பேசும் குடியானவர்கள் அவரைத் தம் குறை கேட்பவராகக் கருதினர். பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயரிட்டனர். இங்கு உண்மை மறைத்தல் தகாது. அவர் கம்பெனியின் ஊழியர். வரி தண்டுவதே அவர் தொழில். பாளையக்காரரை ஒடுக்குவதில் அவர் கை இரும்பாகவே இருந்தது. அவர் விதித்த வரியும் இலேசானதன்று. ஆயினும் அவ்வரி குடிகளுக்குப் பெருஞ்சுமை என்பதை அவரே உணர்ந்து, நாலில் ஒரு பங்கைக் குறைக்கவேண்டுமென்று 1807-இல் மேலிடத்துக்கு எழுதினார். அவ்வேண்டுகோள் அப்பொழுது ஏற்கப்படவில்லை. 1820-இல் அவரே ஆளுநராக வந்த பின்னரே நிறைவேறிற்று.

ஊரும் மாறிற்று

இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் 1808-இல் மன்றோ தாய்நாட்டை அடைந்தார். ஏங்கிய கஞ்சி கிடைத்திருக்கும்; ஆனால் ஏங்கிய காலம் கிடைக்கவில்லை. கெல்வின் கரையிலிருந்த பழைய நார்த்சைடுக்கு இருமுறை சென்றார். இரு நாளும் இடைவிடாத மழை. அணையின் மேல் நீர் வழிவதைப் பார்த்தவாறு, உதிரும் சருகுகளுக்கிடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்ததாகச் சகோதரிக்கு எழுதினார். ஆண்டுகள் பல கழித்துச் சொந்த ஊர் சென்று, பழைய குளக்கரையில் தன்னை அறிந்தவர் ஒருவருமின்றி நிற்பவனின் நிலை அது.

1813-இல் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பிப்பது குறித்து ஆங்கிலப் பாராளுமன்றம் சாட்சிகளை விசாரித்தது. இந்தியர் நாகரிகத்தில் தாழ்ந்தவர் என்ற கருத்து ஓங்கியிருந்த அச்சபையில் மன்றோ சாட்சியம் அளித்தார். நல்ல உழவு முறை, ஒப்பற்ற கைத்தொழில், ஊர்தோறும் பள்ளிகள், பெண்டிரை மதிப்போடு நடத்தல் ஆகியவற்றோடு, ஒருவருக்கொருவர் விருந்தோம்பலும் ஈகையும் புரியும் பொது வழக்கத்தையும் நாகரிகத்தின் அடையாளமாக எடுத்துக் கூறினார். நாகரிகம் இரு நாடுகளுக்கிடையே வாணிகப் பொருளாகுமாயின், அதனை இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்வதால் இங்கிலாந்தே ஆதாயம் பெறும் என்னும் கருத்தை அங்கு வெளியிட்டார். வேலூரில் அரைமாவுக் கஞ்சி குடித்தவர், கூடாரங்களில் குடியானவரோடு வாழ்ந்தவர், தாம் கண்டதை மறவாமல் உரிய சபையில் உரைத்தார். விருந்தோம்பலுக்கெனத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரின் வழிவந்த நாம், அச்சாட்சியத்தை நன்றியோடு நினைத்தல் தகும்.

மலையின் அமுது

1814-இல் ஜேன் காம்பெல் அம்மையாரை மணந்து மீண்டும் இந்தியா வந்த மன்றோ, 1820 ஜூன் மாதம் சென்னை ஆளுநராகப் பதவியேற்றார். அக்காலத்தில் சித்தூர், வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். திருப்பதி அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. 1911-இல்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 2022-இல் திருப்பதியும் தனி மாவட்டமாயிற்று.

1801-இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து சீமையைப் பெற்ற கம்பெனி, திருமலைக் கோயிலின் நிர்வாகத்தையும் எடுத்துக்கொண்டது. அடியார் உண்டியலிலிட்ட காணிக்கையில் செலவு போக எஞ்சியது கம்பெனியின் கஜானாவைச் சேர்ந்தது. கோயில் நடைமுறைகளை ஒழுங்குபடுத்தும் புரூஸ் விதிகள் என்பவை 1821-இல், மன்றோவின் ஆட்சியிலேயே, தொகுக்கப்பட்டன. 1843-இல் ஹாதிராம்ஜி மடத்தாரிடம் ஒப்படைக்கும் வரை இந்நிலை நீடித்தது. மலையப்பனின் காணிக்கையை வருவாயாகக் கொண்ட அரசின் தலைவர் மன்றோ என்பதை மறந்துவிட்டு அவர் புகழைப் பாடுதல் நேர்மையாகாது.

நிற்க. இவ்வூரில் வழிவழியாகக் கூறப்படும் வரலாறு ஒன்றுண்டு. மன்றோ தீராத வயிற்று வலியால் வருந்தினார், மருந்துகள் பயனளிக்கவில்லை. மலையிலிருந்து வந்த பிரசாதப் பொங்கலை உண்ணுமாறு அடியார் ஒருவர் கூற, அவ்வாறே உண்டார்; வலி நீங்கிற்று. வெள்ளையர் மலையேறுதல் அக்கால வழக்கத்தில் இல்லை. ஆதலின் கீழிருந்தே வணங்கி, தம் பெயரால் நாள்தோறும் பொங்கல் நைவேத்தியம் நடைபெறச் சித்தூர் தாலுக்காவைச் சேர்ந்த கோட்டவாயல் கிராமத்தின் வருவாயை ஒதுக்கினார் என்பர். அந்நைவேத்தியத்துக்குரிய பெரும்பாத்திரமே மன்றோ கங்காளம். மந்திராலயத்திலும் கடப்பைச் சீமையின் கண்டி க்ஷேத்திரத்திலும் அவரைப் பற்றி இவைபோன்ற பக்திக் கதைகள் வழங்குகின்றன.

கதையைக் கூறுபோட்டு ஆராய்தல் நம் நோக்கமன்று. மலையப்பனின் பொங்கலை நாமறிவோம்: அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வெந்து, நெய்யும் மிளகும் சீரகமும் மணக்க, இலையில் ஆவி பறப்பது. எத்தனை நாட்டு உணவுகளை உண்டவனுக்கும் அது தாய் இட்ட சோறு. ஊர்க் கஞ்சிக்கு ஏங்கி வேற்று மாவைக் காய்ச்சிய இளைஞர், முதிய வயதில் இந்நாட்டுப் பொங்கலில் தமக்கு நலம் கண்டார் என்று இம்மக்கள் நம்பினர். நம்பி, அவர் பெயரைத் தம் இறைவனின் சோற்றுக் கலத்துக்கே இட்டனர். இதனினும் உயர்ந்த விருந்தோம்பல் உண்டோ? காணிக்கையைக் கணக்கிட்ட அரசின் பெயரை எவரும் போற்றவில்லை. அமுது படைத்தவர் என்று தாம் கருதியவரின் பெயரையே மக்கள் போற்றினர்.

இறுதிப் பயணம்

1826-இல் ஜேன் அம்மையார் நோயுற்ற மகனோடு சீமைக்குச் சென்றார். தம் காலத்தில் ஆளுநரின் ஊர்ப்புற இல்லமாக அமைந்த கிண்டி மாளிகையின் தனிமையைக் குறித்து மன்றோ மனைவிக்கு உருக்கமாக எழுதினார். பதவியை விட்டு ஊர் திரும்ப விரும்பிய அவர், புறப்படுமுன் தம் பழைய கடப்பை, பெல்லாரிச் சீமைக் குடிகளை ஒருமுறை கண்டு விடைபெறச் சென்றார். வழியில் காலரா பரவியிருந்தது. 1827 ஜூலை 6-ஆம் நாள், கர்நூல் பகுதியிலுள்ள பத்திகொண்டாவில் அந்நோய்க்கு இரையானார். குத்தியில் அடக்கம் செய்யப்பட்டு, பின்னர் 1831-இல் சென்னைக் கோட்டையின் புனித மேரி ஆலயத்துக்கு அவர் உடல் கொண்டுவரப்பட்டது.

அவர் நினைவாகப் பத்திகொண்டாவில் தோப்பும் கிணறும் அமைந்தன. குத்தியில் வழிப்போக்கருக்குச் சத்திரம் எழுந்தது. சென்னைத் தீவுத்திடலில் சேணமும் அங்கவடியுமின்றிக் குதிரைமேல் அமர்ந்திருக்கும் அவர் சிலை, சான்ட்ரி என்னும் சிற்பி வார்த்தது, 1839-இல் நிறுவப்பட்டது. சிலையைக் காண்போர் குதிரைக்குச் சேணமில்லாததைப் பேசுகின்றனர். நாமோ கிணற்றையும் சத்திரத்தையும் கங்காளத்தையுமே பெரிதாகக் கருதுகின்றோம். நீரும் நிழலும் சோறும் விருந்தோம்பலின் மூன்று உறுப்புகளன்றோ!

நம் அடுப்பும் அயலார் அடுப்பும்

திருப்பதியில் குடியிருக்கும் தமிழரின் வீட்டில் விருந்தினருக்குப் பஞ்சமில்லை. தரிசனத்துக்கு வரும் உறவினர், உறவினரின் நண்பர், அந்நண்பரின் அண்டை வீட்டார் என நம் இல்லங்கள் ஆண்டு முழுவதும் சத்திரங்களே. நம் இல்லத்தரசிகள் முகம் கோணாமல் இலை போடுகின்றனர். ஆனால் நம் காலனிச் சுவருக்கு அப்பால் குடியிருக்கும் தெலுங்குக் குடும்பத்தை எத்தனை முறை விருந்துக்கு அழைத்தோம்? ராகி சங்கட்டியும் கோங்குராத் துவையலும் நம் வீட்டுப் பிள்ளைகளின் நாவில் ஏறியிருக்கின்றன. அவற்றைக் கற்பித்த வீட்டின் வாயிலை நாம் மிதித்ததுண்டா? எல்லைகள் குறித்து ஒரு காலத்தில் எழுந்த கசப்பும் 1960-இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்ததும் பழங்கதைகளாயின. அடுப்புகளுக்கிடையே எல்லைக்கோடு இன்னும் இருக்குமாயின் அது நம் குறையே.

ஊரின் சுவையை மறக்கவேண்டுவதில்லை. மன்றோ தம் கஞ்சியை மறக்கவில்லை. நார்த்சைடின் மழையையும் மறக்கவில்லை. ஆயினும் வந்த ஊரின் சோற்றை அவர் இகழவுமில்லை. அந்த ஊரும் அவரை அயலாரென்று தள்ளவில்லை. ஊர் நினைவை ஒரு கையிலும் வந்த ஊரின் உறவை மறுகையிலும் ஏந்தி வாழ்வதே புலம்பெயர்ந்தோர் அறம்.

இவ்வாண்டு விழாவின் இறுதியில் நம் சங்கம் இடும் விருந்துக்கு ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் தெலுங்குக் குடும்பம் ஒன்றையேனும் உடன் அழைத்து வருமாறு வேண்டுகின்றோம். நாம் வைக்கும் பாத்திரத்தில் நம் பெயர் பொறிக்கப்படவேண்டுவதில்லை. அதில் பொங்கும் சோறு அயலாருக்கும் உரியதாயின், அதுவே நம் கங்காளம்.